ஊர் மாறலாம், ஊதியம் குறையலாமா?



சென்ற கிழமை நம் இயக்கத் தோழர் ஒருவர் என் இல்லம் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து மேசைமீது விரித்தார். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'நன்மை' என்று தலைப்பு. வலப்பக்கம் 'தீமை' என்று தலைப்பு.

"திருச்சிக்குப் போகலாமா, சென்னையிலேயே இருந்துவிடலாமா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் பணிபுரிபவர் அவர். கணினி முன் அமர்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. வேளச்சேரியில் வாடகை வீடு. அம்பத்தூர்ப் பக்கம் அலுவலகம். துணைவியாரும் வேலைக்குச் செல்பவர். மகள் ஆறாம் வகுப்பு. பெற்றோர் உறையூரில். அவர் பணிபுரியும் நிறுவனம் அண்மையில் ஒரு மடல் அனுப்பியிருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒன்றின் கதையல்ல இது, பலவற்றின் கதை. மடலின் சாரம் இதுதான்: திருச்சியில் கிளை திறக்கிறோம்; விரும்புவோர் செல்லலாம்; அங்கே வாழ்க்கைச் செலவு குறைவு என்பதால் ஊதியம் அதற்கேற்பத் திருத்தி அமைக்கப்படும்.

திருத்தி அமைக்கப்படும்! சொல்லின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். கூட்டினால் அதற்கு 'உயர்வு' என்று பெயர். குறைத்தால் 'திருத்தம்' என்று பெயர்! பிழை இருக்குமிடத்தில் அல்லவா திருத்தம் வேண்டும்? பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து இவர் பெற்ற ஊதியம் பிழையோ?

மடலை ஒருபுறம் வைத்துவிட்டுத் தாளைப் படித்தேன். அதை உங்களிடமும் படித்துக் காட்ட விரும்புகிறேன். இன்று தமிழ்நாட்டில் ஆயிரமாயிரம் வீடுகளில் இதே தாள் எழுதப்படுகிறது. திருச்சி என்பதற்குப் பதில் மதுரை என்றிருக்கும், கோவை என்றிருக்கும், சேலம், நெல்லை என்றிருக்கும். கோடு ஒன்றுதான்.

இடப்பக்கம் எழுதியவை

முதலில் வீட்டு வாடகை. சென்னையில் இரண்டு அறைக்குக் கொடுப்பதில் தில்லைநகரிலோ கே.கே. நகரிலோ காற்றோட்டமான வீடு கிடைக்கும் என்று எழுதியிருந்தார். உண்மை.

இரண்டாவது, பயணம். வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர் போய்வர நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மாதத்தில் இருபத்தைந்து நாள் என்றால் 75 மணி. ஆண்டுக்கு 900 மணி. இருபத்து நான்கால் வகுத்துப் பாருங்கள்: 37 நாட்களுக்கு மேல்! ஆண்டில் ஒரு மாதத்துக்கும் மேலாக, இரவும் பகலும், அந்த மனிதர் சாலையிலேயே வாழ்கிறார். அந்தக் காலத்துக்குக் கூலி யார் தருகிறார்? எவரும் தருவதில்லை. மகளோடு பேசியிருக்க வேண்டிய நேரம் அது. படித்திருக்க வேண்டிய நேரம். நம் படிப்பகத்துக்கு வந்திருக்க வேண்டிய நேரம். அத்தனையும் புகையோடு புகையாகப் போகிறது.

மூன்றாவது, நீர். 2015 டிசம்பரில் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரு முறையும் வேளச்சேரி மிதந்தது. இடையே 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தண்ணீர் வந்தது நினைவிருக்கிறதா? முதல் வண்டியில் 25 இலட்சம் லிட்டர். மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரி நீர் இரயிலேறிச் சென்னைக்கு வந்தது! உழைப்பவன்தான் ஊர்விட்டு ஊர் பெயர்கிறான் என்று நினைத்தோம். ஆறும் அவனோடு பெயர்ந்து வந்த ஆண்டு அது.

நான்காவதாக, "அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது" என்று மட்டும் எழுதியிருந்தார். இதற்கு விளக்கம் தேவையில்லை. பொங்கலுக்கு முன்னாள் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் மூட்டையும் குழந்தையுமாய் நிற்கும் கூட்டத்தைக் கண்டவர்க்கு இந்த ஒரு வரியின் கனம் தெரியும்.

இடப்பக்கம் இத்தோடு முடிந்தது. வலுவான பக்கம்தான். "இத்தனை நன்மை இருக்க, இன்னும் ஏன் தயக்கம்?" என்று ஞாயிறுதோறும் வண்ணப் படங்களோடு வரும் மனை விளம்பரங்கள் கேட்கின்றன. காவிரிக் கரை, கோயில் கோபுரம், குறைந்த விலை, நிறைந்த வாழ்வு என்று பாட்டே பாடுகின்றன. ஆனால் தாளுக்கு மறுபக்கம் ஒன்று உண்டே!

வலப்பக்கம் எழுதியவை

முதல் வரி, ஊதியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் வரி: "ஒரே கதவு". இந்த இரண்டு சொற்களில் எவ்வளவு பட்டறிவு! சென்னையில் ஒரு முதலாளி கதவை அடைத்தால் அடுத்த தெருவில் இன்னொரு கதவைத் தட்டலாம். நடுத்தர நகரில் அந்தத் தொழிலுக்கு ஒரே கதவுதான். அது அடைபட்டால் மீண்டும் மூட்டை கட்ட வேண்டும். துவாக்குடியைக் கேளுங்கள், சொல்லும். 1960-களில் பாரதமிகு மின் நிறுவனம் அங்கே எழுந்தது. அதன் கொதிகலன்களுக்கு உறுப்புகள் செய்து தரும் பட்டறைகள் சுற்றிலும் முளைத்தன. பற்றவைப்போர், கடைசல் பிடிப்போர் என்று ஒரு தலைமுறையே அங்கே கைத்திறன் பெற்றது. அனல்மின் நிலையங்களுக்கான ஆணைகள் குறைந்தபோது என்னாயிற்று? தாய் ஆலைக்குத் தும்மல் வந்தது. பட்டறைகளுக்குக் காய்ச்சல் கண்டது. பல பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது. ஒரே கொடியில் காய்த்த ஊர், கொடி வாடினால் வாடும்.

மூன்றாம் வரி, துணைவியாரின் வேலை. நிறுவனத்தின் மடல் கணவனுக்கு வந்தது, மனைவிக்கு வரவில்லை. அவர் சென்னையில் பத்தாண்டு பழகிய வேலையை விட்டு வந்தால் திருச்சியில் அவருக்கு எது காத்திருக்கிறது? "வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டுமே" என்று சொல்ல ஆயிரம் வாய் உண்டு. பெண் சம்பாதிக்கும் உரிமைக்காக மேடைதோறும் முழங்கும் நாம், ஊர் மாறும்போது முதலில் பலியிடுவது அவள் வேலையைத்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாமா?

நான்காம் வரி, மருத்துவம். திருச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு, பெரிய மருத்துவமனை உண்டு. ஆயினும் அரிய நோய் என்றால் இன்றும் எத்தனையோ குடும்பங்கள் சென்னைக்கு இரயிலேறுகின்றன. தென் மாவட்டங்களின் குறை தீர்க்க மதுரைக்கு எய்ம்ஸ் என்றார்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது அவர்களுக்குக் கட்டடம் இல்லை. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இரவல் இடம் தேட வேண்டியிருந்தது! நடுத்தர நகருக்கு வந்துசேரும் வாக்குறுதியின் நடை வேகம் இது.

ஐந்தாம் வரியை அவர் எழுதிப் பின் அடித்திருந்தார். அடித்தாலும் படிக்க முடிந்தது. "எந்தத் தெரு என்று கேட்பார்கள்."

தோழர்களே, இந்த வரியை அடிக்க வேண்டியதில்லை, அடிக்கோடிட வேண்டும். வீடு கேட்டுப் போனால், "சொந்த ஊர் எது?" என்பது முதல் கேள்வி. "அங்கே எந்தத் தெரு?" என்பது அடுத்தது. "குலதெய்வம் எது?" என்பது மூன்றாவது. மூன்றாம் கேள்விக்குள் மனிதனின் சாதியை எடைபோட்டு முடித்துவிடுகிறார்கள். சென்னை மட்டும் தூய்மையோ? இல்லை. 'சைவ உணவினர்க்கு மட்டும்' என்ற பலகையை அங்கேயும் காண்கிறோம். ஆனால் பெருநகரின் நெரிசலுக்குள் ஒரு விடுதலை ஒளிந்திருக்கிறது. அடுத்த வீட்டானுக்கு உன் பாட்டன் பெயர் தெரியாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமப் பெருமை பேசியோரை நோக்கிக் கடுஞ்சொல் வீசினாரே, அதன் பொருள் இதுதான். ஊர் சிறுத்தால் கண்கள் பெருக்கும். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை சென்னையை விட்டு வரத் தயங்குகிறான் என்றால், "ஊர்ப்பற்று இல்லாதவன்" என்று அவனை ஏசாதீர்கள். எந்தக் கண்ணுக்கு அஞ்சுகிறான் என்று கேளுங்கள்.

யாருக்கு இலாபம்?

இனி அந்த முதல் வரிக்கு வருவோம். ஊதியம்.

"திருச்சியில் செலவு குறைவு, ஆகவே ஊதியம் குறைவு. இதில் என்ன அநீதி?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். நாமும் கணக்காகவே பேசுவோம்.

நடுவண் அரசு தன் ஊழியர்க்கு நகரங்களை மூன்றாக வகுத்திருக்கிறது. சென்னை முதல் வகை. திருச்சி, மதுரை, கோவை, சேலம் போன்றவை இரண்டாம் வகை. 2024 தொடக்கம் முதல் வீட்டு வாடகைப் படி முதல் வகைக்கு அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடு. இரண்டாம் வகைக்கு 20. மற்ற ஊர்களுக்கு 10. அடிப்படை ஊதியம் 50,000 ரூபாய் பெறும் ஊழியர் சென்னையிலிருந்து திருச்சிக்கு மாறினால் வாடகைப் படி 15,000-லிருந்து 10,000 ஆகும். போக்குவரத்துப் படியில் சிறிது குறையும். அவ்வளவே! அந்த 50,000 அசையாது. அகவிலைப்படியும் அசையாது.

ஏன் அசையாது? வாடகை ஊருக்கு ஊர் மாறும்; உழைப்பின் மதிப்பு மாறாது என்பதால். எரிவாயு உருளைக்குத் திருச்சி என்பதற்காகப் பாதி விலையா? மின்கட்டணம் ஊருக்கு ஊர் வேறா? மகளின் கல்லூரிக் கட்டணத்தை, "நீ காவிரிக் கரையில் பிறந்தவள்" என்று தள்ளுபடி செய்கிறார்களா? குறைவது வாடகை ஒன்றுதான். அதற்கு அரசு ஓர் அளவு வைத்திருக்கிறது. நிறுவனமோ வாடகையைக் காட்டி ஊதியம் முழுவதிலும் கைவைக்கிறது!

இன்னொன்றும் கேட்கிறேன். திருச்சியில் அமர்ந்து நம் தோழர் எழுதும் கணக்கை அந்த நிறுவனம் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் விற்கிறது. "இது திருச்சியில் எழுதிய கணக்கு, ஆதலால் விலை குறைவு" என்று சொல்லியா விற்கிறது? விற்கும்போது ஊர் இல்லை. கூலி கொடுக்கும்போது மட்டும் ஊர் வந்துவிடுகிறதோ?

உயர் நீதிமன்றத்தின் கிளை 2004 ஜூலையில் மதுரையில் திறக்கப்பட்டது. கன்னியாகுமரிக்காரனும் திருச்சிக்காரனும் வழக்குக்காக இரவெல்லாம் பயணம் செய்து சென்னைக்குப் போன கொடுமை அன்று குறைந்தது. தலைநகரில் குவிந்ததைப் பிரித்து ஊர்களுக்குத் தந்தால் மக்களுக்கு நன்மை என்பதற்கு அது கண்கண்ட சான்று. மன்றம் மதுரைக்கு வந்ததே, அங்கே அமரும் நீதியரசரின் ஊதியம் "மதுரைக்கேற்பத் திருத்தி அமைக்கப்பட்டதா"? இல்லையே! நீதிபதிக்கு ஒரு நியாயம், கணக்கெழுதுபவருக்கு வேறொரு நியாயமா?

பொன்மலை சொல்லும் பாடம்

இது புதிய சூழ்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள். திருச்சி மண்ணே இதை நூறாண்டுக்கு முன் கண்டிருக்கிறது.

நாகப்பட்டினத்தில் தென்னிந்திய இரயில்வேயின் தொழிற்கூடம் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் வெள்ளையர் நிறுவனம் தன் தொழிற்கூடங்களைத் திருச்சியை அடுத்த பொன்மலையில் ஒன்று திரட்டியது. புதிய கட்டடம், புதிய இயந்திரம், புதிய குடியிருப்பு என்று பெருமை பேசியது. இடமாற்றத்தின் மடிக்குள் கத்தி இருந்தது. ஒன்று திரட்டினால் ஆட்கள் மிகுதி என்றது. தேர்ச்சிச் சோதனை வைத்துக் கழிப்போம் என்றது. ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டது. 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் தலைமை தாங்கினர், சிறை புகுந்தனர். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. நாகை தன் தொழிலை இழந்தது. ஆயினும் அந்தப் பொன்மலையே பின்னாளில் தொழிலாளர் இயக்கத்தின் கோட்டையாயிற்று. 1946 செப்டம்பர் 5-ல் அங்கே துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிர் நீத்தனர்.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. முதலாளி இடம் மாற்றும்போது இடத்தை மட்டும் மாற்றுவதில்லை, கணக்கையும் மாற்றுகிறார். ஒரு நகரம் தொழில் பெறும்போது இன்னொரு நகரம் இழக்கக் கூடாது என்று கவனிக்க வேண்டியவர்கள் நாம்.

"கூலி கேட்டால் வரமாட்டார்களே!"

இங்கே ஒருவர் குறுக்கிடுகிறார். "சென்னைக் கூலியைத் திருச்சியிலும் கேட்டால் எந்த நிறுவனம் வரும்? வருகிற வேலையையும் விரட்டப் போகிறீர்களா?"

இந்தக் கேள்வியைப் புறந்தள்ள மாட்டேன். வேலையில்லாப் பட்டதாரியின் தாய் கேட்கும் கேள்வி இது. விடை சொல்ல வேண்டும்.

நிறுவனம் ஊருக்கு இரங்கித் திருச்சிக்கு வருவதில்லை. அங்கே கட்டட வாடகை குறைவு, நிலம் மலிவு. பொறியியற் கல்லூரிகள் ஆண்டுதோறும் இளைஞரை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பெற்றோர் அருகில் இருப்பதால் வேலையாட்கள் அடிக்கடி விலகுவதில்லை. இத்தனையும் அதன் இலாபம். அதற்கு மேல், சென்னையை விட்டுத் தள்ளிச் செல்லும் தொழில்களுக்கு 2021-ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை கூடுதல் சலுகை தந்தது. 2024-ல் விழுப்புரம், தஞ்சை, சேலம் ஆகிய ஊர்களில் அரசே சிறு டைடல் பூங்காக்களைக் கட்டித் திறந்தது. அந்தச் சலுகையும் அந்தக் கட்டடமும் யார் பணம்? உங்கள் வரிப் பணம், என் வரிப் பணம். எங்கள் பணத்தைச் சலுகையாகப் பெற்றுக்கொண்டு எங்கள் பிள்ளைகளுக்கே குறைகூலி கொடுப்பீர்கள் என்றால், அந்தச் சலுகைக்கு நிபந்தனை விதிக்கும் உரிமை எங்களுக்கு இல்லையா? சலுகை பெறும் நிறுவனம் வாடகை வேறுபாடு தவிர ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் தரவேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். ஆட்சியில் எவர் இருப்பினும் இதைக் கேட்க வேண்டும். நம்மவர் இருந்தால் முதலில் கேட்க வேண்டும்!

ஊரை ஆள்வது யார்?

ஊதியம் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. ஊரும் வாழத்தக்கதாக இருக்க வேண்டும். அதற்கு ஊரை ஆளும் உரிமை ஊராருக்கு வேண்டும்.

2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. அதே மாதம் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் இடிந்தது. காவிரிக் கரை என்று விளம்பரம் செய்வது எளிது. கரையைக் காப்பதற்குக் கவலைப்படும் ஆள் வேண்டும். அந்த நாட்களில் திருச்சி மாநகராட்சியில் கவலைப்படத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எத்தனை பேர் இருந்தனர்? ஒருவரும் இல்லை! 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் தமிழ்நாட்டின் நகரங்களுக்கு மேயரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தெருக்குழாயில் கலங்கல் நீர் வந்தால் யாரிடம் சொல்வது? அதிகாரியிடம். அவர் யாரிடம் சொல்வார்? சென்னையிடம்!

இதுதான் நோயின் வேர். எல்லாம் சென்னையில் முடிவானால் எல்லாரும் சென்னைக்கே ஓடுவர். 1980-களில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தலைநகரையே திருச்சிக்கு மாற்றலாம் என்று எண்ணினார்; அது நடைபெறவில்லை. நடந்திருந்தாலும் நோய் தீர்ந்திராது, படுக்கை மாறியிருக்கும். மாற வேண்டியது தலைநகர் அன்று. தலைநகரில் குவிந்த அதிகாரம். 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகரின் மக்கள் 8 இலட்சத்து 47 ஆயிரம் பேர். இத்தனை பேர் கூடி வாழும் ஊர் தன் குப்பைக்கும் தண்ணீருக்கும் தானே முடிவெடுக்க முடியாதா?

தோழர்களே, உங்களுக்குச் சொல்வது இது. பகுதி சபை, வார்டு குழு ஆகியவற்றுக்கு 2022-ல் விதிகள் வந்தன. உங்கள் வார்டில் அவை கூடுகின்றனவா என்று பாருங்கள். கூடவில்லையேல் கூட்டச் செய்யுங்கள். கூடினால் கொடி பிடிக்கப் போகாதீர்கள். குடிநீர்க் கணக்கோடு போங்கள். வெளியூரிலிருந்து குடிவருவோர்க்கு வீடு பிடித்துத் தருவதை இயக்கப் பணியாகக் கொள்ளுங்கள். "எந்தத் தெரு?" என்று கேட்கும் வீட்டுக்காரர் நம் இயக்கத்தவராகவே இருந்தால், முதல் கண்டனம் அவருக்கு உரியதாகட்டும். புதிதாகத் திறக்கும் அலுவலகங்களின் வாயிலில் நின்று அங்குள்ள இளைஞரிடம் சென்னைச் சம்பளமும் திருச்சிச் சம்பளமும் என்னவென்று ஒப்பிட்டுக் காட்டுங்கள். தனித்தனியே கையொப்பமிடும்வரை 'திருத்தம்' நடக்கும். ஒன்றாய் நின்றால்தான் பேச்சு நடக்கும்.

அந்தத் தோழருக்கு என்ன தீர்ப்புச் சொன்னேன் என்று கேட்பீர்கள்.

"போங்கள்" என்றேன். "உறையூரில் தந்தை காத்திருக்கிறார். 37 நாட்களை மகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் இருவர் வேலைக்கும் உறுதி கேட்டுவிட்டுப் போங்கள். உங்களைப் போல் மடல் பெற்றவர் எத்தனை பேர் என்று விசாரித்து, அத்தனை பேரும் ஒரே மறுமொழி எழுதுங்கள். வாடகைப் படியைக் குறைக்கட்டும். அடிப்படையைத் தொட வேண்டாம் என்று எழுதுங்கள்."

அவர் தாளை மடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மீண்டும் விரித்து, அடித்திருந்த ஐந்தாம் வரியை மறுபடி தெளிவாக எழுதினார்.

"பதினேழு பேர் இருக்கிறோம்" என்றார். "நாளை மாலை கூடுகிறோம்."

அந்தப் பதினேழு பேருக்கும் தோள் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.